மாடி அறைக்கு ஒரு டன்னா, ஒன்றரை டன்னா? கடற்கரை வீட்டுக்கு ஏ.சி. தேர்வு பற்றி

கேள்வி (கீழக்கரையிலிருந்து)

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். கீழக்கரையில் கடலிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. மாடியில் புதிதாகக் கட்டிய படுக்கையறைக்கு ஏ.சி. வாங்க வேண்டும். அறை 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். மேலே வெறும் கான்கிரீட் தளம்தான். வெயிலைத் தடுக்கும் தட்டோடு இன்னும் பதிக்கவில்லை. 14 அடிச் சுவர் மேற்குப் பக்கம் இருக்கிறது, அதில் 4 அடிக்கு 4 அடியில் ஒரு கண்ணாடி ஜன்னல். நான், மனைவி, மகன் என மூவரும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அங்கே படுப்போம். பகலில் அறை பூட்டித்தான் கிடக்கும்.

கடையில் அளவைச் சொன்னவுடன், "168 சதுர அடி, மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஆகவே ஒன்றரை டன், 5 ஸ்டார்" என்று முடித்துவிட்டார்கள். மச்சானோ ஒரு டன் 3 ஸ்டாரே போதும் என்கிறார். இருவருமே காரணம் சொல்லவில்லை.

என் தயக்கத்துக்குக் காரணம் கீழ்த்தளத்தில் பட்ட அனுபவம். வாப்பாவும் உம்மாவும் படுக்கும் 11க்கு 10 அடி அறையில், பெரிதாகவே போட்டுவிடுவோம் என்று 7 ஆண்டுகளுக்கு முன் ஒன்றரை டன் இயந்திரம் ஒன்றை மாட்டினோம். அது கம்ப்ரசரின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை அல்ல. அறை சட்டென்று குளிர்ந்துவிடும், ஆனால் பிசுபிசுப்பு மட்டும் போகாது. "உடம்பு குளிருது, பாயில ஈரம் போகல" என்று உம்மா முதல் ஆண்டிலிருந்தே சொல்லி வருகிறார். அலமாரியில் மடித்து வைத்த துணிகளில் பூஞ்சை வாடை வருகிறது. நான்காம் ஆண்டிலேயே வெளியே மாட்டும் பெட்டியான அவுட்டோரின் காயில் (குழாய்ச் சுருள்) அரித்து ஓட்டை விழுந்து, பெருஞ்செலவில் மாற்றினோம். அதே தவறை மாடியிலும் செய்ய மனமில்லை. டன் என்பதை எப்படிக் கணக்கிட வேண்டும், ஸ்டார் என்பது எதை அளந்து கொடுக்கப்படுகிறது, அது நம் கடற்கரைக்கு எந்த அளவு பொருந்தும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் (உச்சிப்புளி, ஏ.சி. மெக்கானிக்)

தம்பி, வணக்கம். மண்டபத்திலிருந்து ஏர்வாடி வரை 20 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேலை பார்க்கிறேன். நம் பக்கத்தில் நான் கழற்றிப் போட்ட இயந்திரங்களில் பெரும்பாலானவை டன் குறைந்ததால் கெட்டவை அல்ல, உப்பால் கெட்டவை. ஆகவே முதலில் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அவுட்டோரின் பின்பக்கம் பார்த்தால் செம்புக் குழாய்கள் வரிசையாக ஓடும். அவற்றின் மேல் அலுமினியத் தகடுகள் மெல்லிய சீப்புப் பற்களைப் போல நெருக்கமாகக் கோத்திருக்கும். கடற்காற்றில் வரும் உப்பு அந்த இடுக்குகளில் படிந்து, இரவு ஈரத்தில் கரைந்து நிற்கும். செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அது பேட்டரியைப் போல வேலை செய்து, அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். முதலில் வெள்ளைப் பொடி பூக்கும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் தகட்டை விரலால் தொட்டால் அப்பளம் போல நொறுங்கும். தகடு நொறுங்கிய பிறகு குழாயிலிருந்து வெப்பம் வெளியேற வழியில்லை. கம்ப்ரசர் அதிக அழுத்தத்தில் திணறி ஓடும், மின்சாரம் கூடும், குளிர் குறையும். வாங்கிய அன்று 5 ஸ்டாராக இருந்த இயந்திரம் அந்த நிலையில் எந்த ஸ்டாருக்கும் பொருந்தாது.

கீழக்கரைக்குக் கடல் தெற்கே இருக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் உப்பு தென்மேற்கிலிருந்துதான் வரும். எனவே அவுட்டோரை வீட்டின் வடக்கு அல்லது கிழக்குச் சுவரில், காற்று நேரே அடிக்காத இடத்தில் மாட்டுங்கள். கூடுதலாகப் பத்தடி குழாய் வாங்க நேர்ந்தாலும் பரவாயில்லை. தகடுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ள மாடலாகவே கேட்டு வாங்குங்கள். டன் விஷயத்தில் நான் கடைக்காரர் பக்கம்தான்; மேல்தளம், மேற்குச் சுவர் என்றால் ஒன்றரை டன் போடுவதே என் வழக்கம். ஒரு டன் இயந்திரம் மே மாதத்தில் இரவு முழுவதும் நிற்காமல் ஓடும்.

பதில் (ராமநாதபுரம், பாலிடெக்னிக்கில் குளிர்பதனம் கற்பிப்பவர்)

அண்ணன் உப்பைப் பற்றி எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. டன் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. அதைக் கணக்கோடு சொல்கிறேன்.

டன் என்பது இயந்திரத்தின் எடை அல்ல. பனிக்கட்டியை வைத்துக் குளிர்வித்த காலத்தில், 2,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்த வேகத்துக்கு ஒரு டன் என்று பெயர் வைத்தார்கள். மணிக்கு 12,000 பி.டி.யூ. (வெப்பத்தின் பழைய ஆங்கில அளவு) என்றாலும் 3,517 வாட் என்றாலும் அதே அளவுதான். இந்த வாட், மீட்டரில் ஓடும் மின்சார வாட் அல்ல. அறையிலிருந்து இயந்திரம் வெளியே தள்ளும் வெப்பம். ஒன்றரை டன் என்று விற்கப்படுபவை எல்லாம் சரியாக 5,275 வாட் கொடுப்பதில்லை. 4,800 வாட் உள்ளதும் அதே பெயரில்தான் விற்கப்படுகிறது. ஆகவே டன் என்ற சொல்லை விட்டுவிட்டு, லேபிளில் அச்சிட்ட வாட் எண்ணைப் பாருங்கள்.

இப்போது உங்கள் அறைக்கு வருவோம். மே மாதத்தில் இரவு 10 மணி என்று வைத்துக்கொள்கிறேன். பகல் முழுவதும் வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்த வெப்பத்தை நான்கைந்து மணி நேரம் கழித்தே உள்ளே விடும். அதனால்தான் பொழுது சாய்ந்த பிறகும் கூரையின் அடிப்பக்கம் தொட்டால் சுடுகிறது. அந்த வழியாக ஏறக்குறைய 900 வாட் வரும். மேற்குச் சுவர் 300, இரவில் கண்ணாடி 50, தூங்கும் மூவரின் உடல் வெப்பமும் மூச்சின் ஈரமும் சேர்த்து 300, மின்விசிறி, விளக்கு முதலியவை 100.

மீதமுள்ளது கதவு இடுக்கிலும் ஜன்னல் இடுக்கிலும் நுழையும் காற்று. நம் கடற்கரையின் தனித்தன்மை முழுவதும் இதில்தான் இருக்கிறது. உங்கள் அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 48 கன மீட்டர். மணிக்கு ஒரு முறை இந்தக் காற்று மாறுகிறது என்று கொண்டால், மணிக்கு 54 கிலோ வெளிக்காற்று உள்ளே வருகிறது. வெளியே 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் 21 கிராம் நீராவி இருக்கும். உள்ளே 25 டிகிரியில் 55 சதவீதம் வேண்டுமென்றால் 11 கிராம்தான் இருக்கலாம். மிச்சமுள்ள 10 கிராமை இயந்திரம் பிழிந்து எடுத்தாக வேண்டும். மணிக்கு அரை லிட்டருக்கும் மேல் தண்ணீர். அந்த நீராவியைத் தண்ணீராக்க 375 வாட் செலவாகிறது. அதே காற்றை 30 டிகிரியிலிருந்து 25க்குக் குளிர்விக்கத் தேவைப்படுவதோ 75 வாட் மட்டுமே. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஈரத்துக்கே போகிறது. உள்நாட்டு ஊர்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். நமக்கு அவ்வளவு ஏறுவது அரிது, ஆனால் இந்த ஈரம் இரவிலும் இறங்காது.

எல்லாவற்றையும் கூட்டினால் 2,100 வாட். சுவரும் கட்டிலும் மெத்தையும் பிடித்து வைத்திருக்கும் சூட்டுக்காகக் கால் பங்கு சேர்த்தால் 2,600 வாட் வருகிறது. 3,500 வாட் உள்ள ஒரு டன் இயந்திரம் இதற்குத் தாராளம். கடைக்காரர் சொன்னது, மேல்தளத்தில் 120 சதுர அடிக்கு ஒரு டன் என்ற வாய்ப்பாடு. அது மாலை 4 மணிக்கும் புழங்கும் கூடத்துக்குப் பொருந்தும். அந்நேரம் உங்கள் மேற்கு ஜன்னல் மட்டுமே 600 வாட் கொண்டுவரும், கூரை 1,200ஐ எட்டும், கணக்கும் 3,700 வாட்டைத் தாண்டிவிடும். பகலிலும் அறையைப் பயன்படுத்துவதாக இருந்தால் அண்ணன் சொன்ன ஒன்றரை டன்தான் சரி. இரவுக்கு மட்டும் என்றால் அல்ல.

தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டால் என்ன கெடுதி என்பதற்கு உம்மாவின் பாயே சான்று. இன்டோரின் காயில் நன்றாகக் குளிர்ந்து, அதன் மேல் நீர் பூத்து, வழிந்து, அதை வெளியேற்றும் ட்ரெயின் குழாய்க்கு வரச் சில நிமிடங்கள் தொடர்ந்து ஓட வேண்டும். சிறிய அறையில் பெரிய இயந்திரம் அதற்குள் வெப்பநிலையைப் பிடித்துவிட்டுக் கம்ப்ரசரை நிறுத்திவிடும். விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருப்பதால், காயிலில் பூத்த நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பும். ஒரு டன் நிற்காமல் ஓடும் என்று அண்ணன் சொன்னதை இந்த ஊரில் நான் நன்மையாகவே கருதுகிறேன். இன்வெர்ட்டர் வகை வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுவதால் இந்தக் குறை குறைவு, முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. மிகக் குறைந்த வேகத்தில் காயில் போதிய அளவு குளிராமல், நீரைப் பிழியும் திறனும் தளர்கிறது.

புது இயந்திரம் வாங்குவதற்கு முன் கீழ் அறையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓர் ஈரப்பதமானி வாங்கி வைத்து, ட்ரெயின் குழாயை ஒரு வாளியில் விடுங்கள். ஓர் இரவு இப்போது இருக்கிறபடியே ஓட்டுங்கள். மறுநாள் இரவு வென்டிலேட்டரை அடைத்து, விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து, 25 டிகிரியில் டிரை மோடில் (ஈரத்தை உலர்த்தும் நிலையில்) ஓட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னபடியே இரண்டு இரவுகள் செய்து பார்த்தேன். முதல் இரவு வென்டிலேட்டர் திறந்தபடி, 22 டிகிரியில். காலையில் வாளியில் 5 லிட்டர் தண்ணீர் இருந்தது. ஈரப்பதமானி 74 காட்டியது. இரண்டாம் இரவு வென்டிலேட்டரைத் தெர்மாகோல் வெட்டி அடைத்து, கதவின் அடி இடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி வைத்து, 25 டிகிரியில் ஓட்டினேன். வாளியில் 3 லிட்டர்கூட நிறையவில்லை, ஆனால் ஈரப்பதம் 61க்கு இறங்கியிருந்தது. தண்ணீர் குறைவாகப் பிழிந்தும் அறை எப்படி அதிகம் உலர்ந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. உம்மா மட்டும் காலையில் எழுந்ததும், இன்று பாய் காய்ந்திருக்கிறது என்று சொன்னார். ஏழு ஆண்டுகளில் அவர் அப்படிச் சொல்லிக் கேட்பது இதுவே முதல் முறை.

பதில் (ராமநாதபுரம்)

தண்ணீர் குறைந்ததற்குக் காரணம், உள்ளே வந்த ஈரமே குறைந்ததுதான். முதல் இரவு உங்கள் இயந்திரம், அடியில் ஓட்டையுள்ள வள்ளத்தில் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு இறைத்தாலும் உள்ளே நிற்கும் மட்டம் குறையவில்லை. இரண்டாம் இரவு ஓட்டையை அடைத்துவிட்டீர்கள். தூங்குபவர்களுக்கு நல்ல காற்றும் தேவை என்பதால் முழுக்க அடைக்க வேண்டாம். அறையைப் பகலில் திறந்து வையுங்கள், இரவில் கதவு இடுக்கு மட்டும் போதும். 74க்கும் 61க்கும் இடையில்தான் பூஞ்சை வளரத் தொடங்கும் எல்லை இருக்கிறது. 60ஐ ஒட்டி வைத்திருந்தால் அலமாரி வாடையும் மெல்ல நீங்கும்.

பதில் (தொண்டி, வீட்டில் விருந்தினர் அறைகள் நடத்துபவர்)

ஸ்டார் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை. மூன்று அறைகளில் தனித்தனியே சப் மீட்டர் வைத்து மாதாமாதம் குறித்து வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஸ்டார் கொடுப்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம். 2018 முதல் அறை ஏ.சி.களுக்கு ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணை வைத்துத்தான் ஸ்டார் தீர்மானிக்கப்படுகிறது. ஓர் ஆண்டில் இயந்திரம் வெளியேற்றும் மொத்த வெப்பத்தை, அதற்காக அது எடுத்துக்கொள்ளும் மொத்த மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது அந்த எண். முன்பெல்லாம் 35 டிகிரி வெயிலில் முழுத் திறனில் ஓடும்போது அளந்த ஒற்றை எண்தான் இருந்தது. இப்போது இன்வெர்ட்டர் வகையை முழுத் திறனிலும் பாதித் திறனிலும் சோதித்து, வெளி வெப்பம் 24 முதல் 43 டிகிரி வரை ஆண்டில் எத்தனை மணி நேரம் இருக்கும் என்ற அட்டவணையில் பொருத்திக் கணக்கிடுகிறார்கள். 2022 ஜூலையில் வந்த அட்டவணையில் ஸ்பிளிட் வகைக்கு 3.80 முதல் 4.39 வரை 3 ஸ்டார், 5.00 முதல் 5 ஸ்டார் என்று இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இந்த வரம்பை உயர்த்துகிறார்கள். பழைய இருப்பில் உள்ள 5 ஸ்டார் புதிய அட்டவணையில் கீழே இறங்கிவிடலாம். ஆகவே ஸ்டாரை மட்டும் எண்ணாமல், லேபிளில் உள்ள ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணையும் அது எந்தக் காலத்துக்குரிய லேபிள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதில் நம் ஊருக்குப் பொருந்தாதவை இரண்டு உண்டு. லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு மின்செலவு 1,600 மணி நேரத்துக்கானது. நீங்கள் இரவு 8 மணி நேரம் வீதம் 300 இரவுகள் ஓட்டினால் 2,400 மணி நேரம். அதாவது ஒன்றரை மடங்கு. அடுத்தது, சோதனை அறையின் உட்காற்று 27 டிகிரியில் 47 சதவீத ஈரப்பதம் அளவில்தான் வைக்கப்படுகிறது. வாடைக்காலத்திலும் தொண்டியில் அவ்வளவு உலர்ந்த காற்றை நான் பார்த்ததில்லை. ஆகவே ஸ்டார் அதிகமுள்ள இயந்திரம் ஈரத்தையும் அதிகமாகப் பிழியும் என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்த எண் அதை அளப்பதில்லை.

உங்கள் அறைக்குச் சுருக்கமான கணக்கு ஒன்று. ஒரு டன் 3 ஸ்டார் ஒன்றின் லேபிளில் 700 யூனிட்டும், அதே அளவு 5 ஸ்டாரில் 535 யூனிட்டும் போட்டிருப்பதாகக் கொள்வோம். 2,400 மணி நேரத்துக்கு அவை 1,050, 800 என்றாகும். ஆண்டுக்கு 250 யூனிட் மிச்சம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் ரீடிங்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும் என்பதால், தாண்டாமல் நிற்பதே தனி லாபம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,000 ரூபாய் மிச்சமாகும். 5 ஸ்டாருக்கு 8,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அதை எடுக்க நான்கு ஆண்டுகள் ஆகும். உங்கள் கீழ்த்தளத்துக் காயில் ஓட்டையானதும் நான்காம் ஆண்டில்தான். ஆகவே பூச்சு இல்லாத 5 ஸ்டாரைவிட, பூச்சுள்ள 3 ஸ்டாரை நான் தேர்ந்தெடுப்பேன். இரண்டும் ஒன்றாகக் கிடைத்தால் மிக நன்று.

பதில் (உச்சிப்புளி)

வாளிக் கணக்கைப் படித்தேன் தம்பி. இரவுக்கு மட்டும் என்றால் ஒரு டன் இன்வெர்ட்டர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாட்டுவதற்கு முன் மொட்டை மாடிக்கு இரண்டு கை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். தளம் வெளுத்திருந்தால் அது குடிக்கும் வெயில் ஏறக்குறைய பாதியாகிவிடும்; பிறகு வசதிப்படும்போது தட்டோடு பதிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. அவுட்டோரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பலர் போர் தண்ணீரைக் குழாயில் பிடித்து அடித்துவிடுகிறார்கள். நம் பக்கத்து நிலத்தடி நீரே உப்பு. காற்று கொண்டுவரும் உப்பு போதாதென்று நாமும் சேர்த்து ஊற்றினால் காயில் எத்தனை நாள் தாங்கும்? குடிநீரை இதற்குச் செலவழிக்கவும் நம் ஊரில் மனம் வராது. அதற்கு வழி உங்கள் வாளியிலேயே இருக்கிறது. ட்ரெயின் குழாயில் வருவது காற்றிலிருந்து பிழிந்த நீர், உப்பு இல்லாதது. ஒரு வாரத் தண்ணீரை ஒரு குடத்தில் சேர்த்து வைத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பின்பக்கத் தகடுகளின் மேல் மேலிருந்து கீழாக மெதுவாக ஊற்றுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

மாட்ட வருபவரிடம் வேக்குவம் பம்ப் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சாமல், கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு ஊதித் தள்ளிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படி மாட்டிய இயந்திரத்தின் குழாய்க்குள் நம் ஊர்க் காற்றின் ஈரம் தங்கி, கம்ப்ரசர் எண்ணெயைக் கெடுத்துவிடும். பம்ப் அரை மணி நேரமாவது ஓடட்டும். நீங்கள் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சுண்ணாம்பு அடிக்க வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார். 3,500 வாட், பூச்சுள்ள காயில் என்று எழுதிக்கொண்டு போய்க் கடையில் கேட்கப்போகிறேன். அவுட்டோருக்கு வடக்குச் சுவரில், மாடிப்படிக்கு மேலே இடம் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து இன்டோருக்கு 22 அடி குழாய் வேண்டியிருக்கும். அந்த நீளத்துக்குக் கூடுதல் கேஸ் நிரப்ப வேண்டுமா என்று மட்டும் அண்ணன் சொன்னால் நல்லது.

பதில் (உச்சிப்புளி)

எத்தனை மீட்டர் வரைக்குமான கேஸ் ஏற்கெனவே அடைத்து வருகிறது, அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியோடு வரும் புத்தகத்திலோ அவுட்டோரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ அது அச்சிட்டிருக்கும். 22 அடி என்பது ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்த்து, தராசில் நிறுத்துத்தான் சேர்க்கச் சொல்லுங்கள். கை மதிப்பில் வேண்டாம்.